பாடகர் இல்லாத ராக் இசையும் கிட்டார்க் கலைஞரின் கருவித் தேர்வும்

1960ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தில் ஷேடோஸ் என்ற நால்வர் குழு ‘அப்பாச்சி’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. அதில் யாரும் பாடவில்லை. மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் முன்னால் நின்று ஒரு மெட்டை வாசிக்கிறது. இன்னொரு கிட்டாரும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் அதன் பின்னால் நடக்கின்றன. அந்தத் தட்டு ஐந்து வாரம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. அதைக் கேட்ட ஏராளமான சிறுவர்கள் தங்களுக்கும் கிட்டார் வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். ஏதோ ஒரு கிட்டார் வந்தால் போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. அக்குழுவின் முன்னணிக் கிட்டார்க் கலைஞர் ஹாங்க் மார்வினின் கையில் இருந்த அதே சிவப்பு நிற ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்தான் வேண்டும் என்று ஏங்கினார்கள். ஒரு மெட்டின் மீது பிறந்த ஆசை எப்படி ஒரு குறிப்பிட்ட மரத்தின் மீதும் தந்தியின் மீதும் மின்சுற்றின் மீதும் தாவுகிறது என்பதை, கிட்டாரை இப்போதுதான் கையில் எடுத்திருப்பவர்களுக்காக இங்கே விளக்க விரும்புகிறேன்.

பாடல் உள்ள இசையில் கேட்பவரின் கவனத்தைக் குரலும் சொல்லும் பிடித்துக்கொள்கின்றன. கிட்டார் அங்கே தாளத்தைத் தாங்கும், இரண்டு வரிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை நிரப்பும், நடுவில் சில நொடிகள் தனியாக வந்துவிட்டுப் போகும். பாடகர் இல்லாத ராக் இசையில் அந்தக் குரலின் இடத்தில் கிட்டாரே அமர்கிறது. நம் கச்சேரிகளில் வயலினும் நாகஸ்வரமும் பாடகரின்றி ஒலிப்பது நமக்குப் பழக்கமானதுதான் என்றாலும், அங்கே வாசிக்கப்படும் கீர்த்தனையின் சாகித்தியம் கேட்பவரின் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வாத்தியத்துக்கு உள்ளே சொல் ஒளிந்திருக்கிறது. ‘அப்பாச்சி’ போன்ற இசைக்கு அப்படி ஒளிந்திருக்கும் சொல் கிடையாது. தலைப்பு ஒன்றைத் தவிர வேறு எந்தச் செய்தியும் சொல்லாகக் கிடைப்பதில்லை. ஆகவே சோகம், மிரட்டல், ஏக்கம், உல்லாசம் எதுவாக இருந்தாலும் அதை ஒலியின் நிறமே சுமந்தாக வேண்டும். ஒரு பாடகரைக் குரலைக் கொண்டு அடையாளம் காண்பதைப் போல, இந்தக் கலைஞர்களை அவர்களுடைய கிட்டார் எழுப்பும் ஒலியைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறோம். கருவியின் மீதான மோகம் இந்த இசையில் மற்ற எந்த ராக் இசையையும்விடக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுவே என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஒலி ஒரே இடத்தில் பிறப்பதில்லை. விரலோ, பிளெக்ட்ரம் என்னும் மீட்டும் சிறு வில்லையோ தந்தியைத் தொடுகிறது. தந்தியின் அதிர்வைக் காந்தமும் செப்புச் சுருளும் கொண்ட பிக்அப் மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரம் வழியில் பெடல், எக்கோ பெட்டி போன்றவற்றுக்குள் புகுந்து உருமாறுகிறது. ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப், அதைப் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் அதை மறுபடியும் காற்றின் அதிர்வாக ஆக்குகிறது. கடைசியில் அறையின் சுவர்களும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியை மாற்றினாலும் ஒலி மாறும். ஆனால் ஒரு குறிப்பிட்ட இசைத்தட்டின் அடையாளம் பெரும்பாலும் ஏதேனும் ஒன்றிரண்டு கண்ணிகளில்தான் இருக்கிறது. அது எந்தக் கண்ணி என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டால், வீணாகப் பணம் செலவழிப்பது பெருமளவு குறையும்.

ஷேடோஸ் குழுவின் ஒலியையே முதலில் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் இந்தச் சங்கிலி முழுவதும் தெளிவாகக் காதில் விழுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டின் காரணமாக 1950களின் பெரும்பகுதியில் அமெரிக்க இசைக்கருவிகளை பிரிட்டனுக்குள் இறக்குமதி செய்ய முடியாமல் இருந்தது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்த 1959ஆம் ஆண்டில், பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் தமக்குப் பின்னணி வாசித்துக்கொண்டிருந்த இந்தக் குழுவின் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு ஸ்ட்ராடோகாஸ்டரை வரவழைத்தார். அதற்குப் பின்னால் ஒரு தவறான ஊகம் இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ரிக்கி நெல்சனின் இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் பர்ட்டன் வாசித்த கிட்டார் ஒலி மார்வினுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவ்வளவு நன்றாக வாசிப்பவர் ஃபெண்டரின் விலைப்பட்டியலில் உள்ள விலை கூடிய கிட்டாரைத்தான் வைத்திருப்பார் என்று எண்ணி அவர்கள் அதைத் தருவித்தார்கள். பர்ட்டன் உண்மையில் வைத்திருந்தது அதைவிட எளிமையான டெலிகாஸ்டர். தவறான அந்த ஊகம்தான் பிரிட்டிஷ் கிட்டார் இசையின் முகத்தையே மாற்றியது, ஏனென்றால் ஸ்ட்ராடோகாஸ்டரில் இருக்கும், ஆனால் டெலிகாஸ்டரில் இல்லாத ஒரு பொருளை மார்வின் உடனே பிடித்துக்கொண்டார்.

அது, தந்திகளை உடல் பக்கத்தில் தாங்கும் பாலத்தோடு இணைந்த கம்பிக் கை. அதை அழுத்தினால் ஆறு தந்திகளின் இழுவிசையும் ஒன்றாகத் தளர்ந்து சுருதி சற்று இறங்கும். விட்டால் திரும்ப ஏறும். மார்வின் பிளெக்ட்ரத்தைப் பிடித்திருக்கும் கையிலேயே அந்தக் கம்பியையும் வைத்துக்கொண்டு, நீண்டு நிற்கும் ஸ்வரங்களின் முடிவில் மெல்ல அசைப்பார். நல்ல பாடகரின் குரல் வரியின் கடைசியில் நடுங்குவதைப் போல அந்த ஸ்வரம் நடுங்கும். இங்கே தொடக்கநிலையாளர்களைக் குழப்பும் ஒரு பெயர்ச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். சுருதி ஏறி இறங்குவதற்கு வைப்ராட்டோ என்றும், ஒலியின் அளவு ஏறி இறங்குவதற்கு ட்ரெமலோ என்றும் பெயர். ஆனால் ஃபெண்டர் நிறுவனம் சுருதியை மாற்றும் கம்பிக் கைக்கு ட்ரெமலோ என்றும், ஒலி அளவை மாற்றும் ஆம்ப் வசதிக்கு வைப்ராட்டோ என்றும் பெயர் வைத்துவிட்டது. அந்தத் தலைகீழ்ப் பெயர்கள் இன்றுவரை கடைகளில் நிலைத்திருக்கின்றன.

அடுத்த கண்ணி எக்கோ. மார்வின் இத்தாலியில் செய்யப்பட்ட மெயாட்ஸி என்ற எக்கோ இயந்திரத்தைப் பயன்படுத்தினார். காந்த நாடா ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு முனை ஒலியைப் பதியும். சற்றுத் தள்ளி வரிசையாக இருக்கும் முனைகள் அதே ஒலியைத் திரும்ப வாசிக்கும். நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது என்றும், வாசிக்கும் முனை பதியும் முனையிலிருந்து 3.8 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், எதிரொலி நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வரும். முனைகள் பல இருப்பதால் ஒரே ஸ்வரம் தாளத்தோடு பின்னிய பல துடிப்புகளாகத் திரும்புகிறது. இதன் விளைவு வாசிப்பையே மாற்றிவிடுகிறது. எக்கோ இயங்கும்போது வேகமாக நிறைய ஸ்வரங்களை வாசித்தால் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். இடைவெளி விட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிதானமாக நிறுத்தி வாசித்தால் அந்த இடைவெளியை இயந்திரம் அழகாக நிரப்பும். ‘அப்பாச்சி’யின் மெட்டு அவ்வளவு விசாலமாக ஒலிப்பதற்கு மார்வினின் சிக்கனமும் இயந்திரத்தின் நிரப்பலும் சேர்ந்தே காரணம்.

மூன்றாவது கண்ணி வாக்ஸ் நிறுவனத்தின் ஆம்ப். கென்ட் பகுதியின் டார்ட்ஃபோர்டில் இயங்கிய ஜென்னிங்ஸ் நிறுவனத்தில் டிக் டென்னி வடிவமைத்த ஏசி15 என்ற 15 வாட் ஆம்ப் அது. கிளிஃப் ரிச்சர்டின் மேடைகளில் ரசிகர்களின் கூச்சலுக்கு மேலே 15 வாட் எழும்பவில்லை என்பதால் குழுவினர் கூடுதல் வலுவுள்ள ஆம்பைக் கேட்டார்கள். அந்தத் தேவையிலிருந்து 30 வாட் கொண்ட ஏசி30 பிறந்தது. பின்னர் பீட்டில்ஸ் உட்பட ஒரு தலைமுறையே அதைப் பயன்படுத்தியது. இசை கருவியைத் தேர்ந்தெடுத்த கதை இங்கே இசை கருவியை உருவாக்கிய கதையாகத் திரும்புவதைக் கவனியுங்கள்.

பலரும் தவறவிடும் சிறு பொருள் ஒன்று இன்னும் இருக்கிறது, அது தந்தி. அக்காலத்து ஸ்ட்ராடோகாஸ்டரின் ஒவ்வொரு பிக்அப்பிலும் உள்ள ஆறு காந்தத் தண்டுகளும் ஒரே உயரத்தில் இல்லாமல், மூன்றாவது தந்தி மேலே உலோகம் சுற்றிய தடித்த தந்தியாக இருக்கும் என்ற கணக்கில் உயர்த்தியும் தாழ்த்தியும் பொருத்தப்பட்டிருந்தன. அதே பழைய அமைப்புள்ள பிக்அப்பின் மேல் இன்று நாம் வழக்கமாகக் கட்டும் மெல்லிய, சுற்றில்லாத மூன்றாவது தந்தியைக் கட்டினால் அது மட்டும் மற்றவற்றைவிட உரக்கக் கேட்கும். மார்வினைப் போல ஒலிக்கவில்லையே என்று வருந்தும் ஒருவர் புதிய கிட்டார் வாங்குவதற்கு முன்னால், ஒரு தடித்த தந்திக் கட்டை வாங்கி மாட்டிப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் இந்தக் கதை இரண்டு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 1958இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் டுவேன் எடி கிரெட்ஷ் கிட்டாரின் தாழ்ந்த தந்திகளில் மெட்டை வாசித்தார். தயாரிப்பாளர் லீ ஹேசல்வுட் பணியாற்றிய ஒலிப்பதிவுக் கூடத்தில் எதிரொலி அறை இல்லை; அதனால் சுமார் 2,000 கேலன், அதாவது ஏறத்தாழ 7,500 லிட்டர் கொள்ளும் இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வாங்கி, ஒரு முனையில் ஸ்பீக்கரையும் மறுமுனையில் மைக்கையும் வைத்தார்கள். எடியின் அடையாளமாகிவிட்ட அந்த ஆழமான ரீங்காரத்தில் பாதி, கடையில் யாரும் வாங்க முடியாத அந்தத் தொட்டிக்குச் சொந்தம். இருந்தும் ரசிகர்களின் கண்ணில் பட்டது கிட்டார்தான். 1960களின் தொடக்கத்தில் கில்ட் நிறுவனம் எடியின் பெயரிலேயே ஒரு கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கலைஞரின் பெயர் தாங்கிய கிட்டார் என்ற வணிக வழக்கம் ராக் இசைக்குள் வேரூன்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அதே 1958இல் அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் லிங்க் ரே ‘ரம்பிள்’ என்ற இசையை வெளியிட்டார். மேடையில் ஆம்ப் கரகரத்ததுபோல ஒலிப்பதிவுக் கூடத்தில் கரகரக்கவில்லை என்பதால் ஸ்பீக்கர் கூம்பில் அவர் பென்சிலால் துளையிட்டார். ரம்பிள் என்பது தெருக்கும்பல் சண்டையைக் குறிக்கும் கொச்சைச் சொல். அந்த இசை இளைஞர்களை வன்முறைக்குத் தூண்டும் என்று அஞ்சிச் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. ஒரு சொல்கூட இல்லாத இசையைத் தடை செய்ய நேர்ந்தது என்பதே, ஒலியின் நிறம் எவ்வளவு சொல்லிவிடும் என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று. கிழிந்த ஸ்பீக்கரின் அந்தக் கரகரப்பை விரும்பியவர்கள் பெருகியதும், 1962இல் மேஸ்ட்ரோ நிறுவனம் அத்தகைய கரகரப்பைக் காலால் மிதித்து வரவழைக்கும் ஃபஸ் பெட்டியை விற்கத் தொடங்கியது. இன்று பெடல் என்று நாம் வாங்கும் டிஸ்டார்ஷன் கருவிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

கலைஞரின் கையே கருவியைச் செதுக்கிய நிகழ்வுகளில் அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் டிக் டேலின் கதைக்கு இணையானது குறைவு. அவர் 1937இல் பாஸ்டனில் பிறந்தார். அவருடைய தந்தை லெபனான் வழியினர். சிறு வயதிலேயே குடும்பத்தாரிடம் அரபுத் தாளக் கருவியையும் ஊத் என்னும் நரம்புக் கருவியையும் அறிந்த டேல், ஒரே தந்தியில் பிளெக்ட்ரத்தை மேலும் கீழுமாக மிக வேகமாக அடிக்கும் முறையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். 1962இல் அவர் வெளியிட்ட ‘மிசிர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் வெகுகாலமாக வழங்கிவந்த மெட்டு. கலிஃபோர்னியாவின் பால்போவாவில் உள்ள ரெண்டெவூ நடன அரங்கில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடுவார்கள். கடல் அலையின் மேல் சறுக்கும்போது தாம் உணர்ந்த அதிர்வை அவ்வளவு பேரும் உடலால் உணர வேண்டும் என்று டேல் விரும்பினார். அதற்காக மிகத் தடித்த தந்திகளைக் கட்டினார். இன்று பலரும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 அல்லது 10 பங்கு தடிமனுள்ள தந்தியை முதல் தந்தியாகக் கட்டும் இடத்தில் அவர் கட்டியது 16.

அத்தகைய தந்தி பிக்அப்பில் எழுப்பும் மின்சாரத்தையும் அவர் வைத்த ஒலி அளவையும் அந்நாளைய ஆம்புகள் தாங்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஸ்பீக்கர்கள் எரிந்தன. ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டரும் அவருடன் பணியாற்றிய ஃப்ரெடி டவாரஸும் அந்த அரங்கத்துக்கே நேரில் போய்க் கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டார்கள். அதன் பிறகே டேலுக்கு என்ன தேவை என்பது அவர்களுக்குப் புரிந்தது. பெரிய மின்மாற்றி கொண்ட ஷோமேன் ஆம்பும், அதற்கெனவே வலுப்படுத்தப்பட்ட 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரும் அந்தத் தேடலின் விளைவுகள். ஒரு கலைஞரின் ஒலியை அவர் வாசிக்கும் இடத்திலேயே நின்று கேட்ட பொறியாளரின் அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அலைச்சறுக்கு இசை என்று அழைக்கப்பட்ட அந்த வகைக்கு இன்னொரு அடையாளமும் வந்து சேர்ந்தது. 1961இல் ஃபெண்டர் தனிப்பெட்டியாக விற்கத் தொடங்கிய ஸ்பிரிங் ரிவெர்ப் அது. மலையடிவாரத்தில் கூப்பிட்டால் நம் குரல் தனித்தனியாகத் திரும்பி வருவது எக்கோ. கோயிலின் கல் மண்டபத்தில் பேசினால் குரல் எல்லாச் சுவர்களிலும் மோதிப் பிரித்தறிய முடியாத கார்வையாக நிற்பது ரிவெர்ப். அந்த மண்டபத்தைப் பெட்டிக்குள் அடைப்பதற்காக, ஹேமண்ட் ஆர்கனில் இருந்த உத்தியைப் பின்பற்றிச் சுருள் கம்பிகளின் வழியே ஒலியை அனுப்பினார்கள். சுருள் கம்பி கல் மண்டபத்தைப் போல ஒலிப்பதில்லை. தண்ணீர் தெறிப்பதைப் போன்ற ஓர் ஈரம் அதில் இருக்கிறது. கடலைப் பற்றிய இசைக்கு அந்தக் குறையே பொருத்தமாகிவிட்டது. ஆகவே அலைச்சறுக்கு இசையால் கவரப்பட்டு வாசிக்க வருபவர் கிட்டாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நல்ல ஸ்பிரிங் ரிவெர்ப் உள்ள ஆம்பு ஒன்றுதான் அவருக்கு இன்றியமையாதது.

வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரைச் சேர்ந்த வென்ச்சர்ஸ் குழு வேறொரு பாதையைக் காட்டுகிறது. அதைத் தொடங்கிய பாப் போகலும் டான் வில்சனும் கட்டுமானத் தொழிலாளர்கள். 1960இல் அவர்களுடைய ‘வாக், டோன்ட் ரன்’ அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. எளிய, தெளிவான வாசிப்பு. இரண்டு மாதம் பழகிய ஒருவருக்கும் ‘நானும் முயலலாம்’ என்ற துணிச்சலைத் தருவது. 1965இல் அவர்கள் வெளியிட்ட கிட்டார் பாடத் தட்டு பில்போர்டின் இசைத்தொகுப்புப் பட்டியலிலேயே இடம்பெற்றது. அதே ஆண்டில் அவர்களுடைய சுற்றுப்பயணத்தைத் தொடர்ந்து ஜப்பானில் எலெக்ட்ரிக் கிட்டார் மோகம் கரைபுரண்டது. உள்ளங்கையால் தந்திகளை அமர்த்தியபடி மேலிருந்து கீழே வழுக்கி வரும் அவர்களுடைய வாசிப்புக்கு ஜப்பானியர்கள் ‘தெக்கெ தெக்கெ’ என்று ஒலிக்குறிப்புப் பெயர் சூட்டினார்கள். பாடல் வரிகளோடு வந்த அமெரிக்க இசைக்கு இருந்த மொழித்தடை இந்த இசைக்கு இல்லை என்பது அந்த வரவேற்புக்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1963 முதல் வென்ச்சர்ஸ் கையில் இருந்தது, கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் செமி மோஸ்லி வடிவமைத்த மோஸ்ரைட் கிட்டார். மெல்லிய கழுத்தும் தாழ்ந்த ஃப்ரெட் கட்டைகளும் உடைய அந்தக் கிட்டார் வழுக்கி வாசிப்பதற்கு எளிது. அதன் பிக்அப்புகள் வலுவானவை. ஜப்பானிய இளைஞர்கள் பலருக்கு அது எட்டாக் கனியாக இருந்தபோது, டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் எலெக்ட்ரிக் கிட்டார்கள் ஏராளமாக விற்றன. பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஓரளவு மலிவாகக் கிடைத்தது என்பதற்காகவே அமெரிக்கப் பங்க் குழுவான ரமோன்ஸின் ஜானி ரமோன் ஒரு பழைய மோஸ்ரைட்டை வாங்கினார். அதில் அவர் எழுப்பிய ஒலிக்கும் வென்ச்சர்ஸின் ஒலிக்கும் எந்த உறவும் இல்லை.

இதுவரை பார்த்த கலைஞர்களின் ஒலி தெளிந்த நீரைப் போன்றது. ‘ரம்பிள்’ மட்டும் விலக்கு. 1970களுக்குப் பின் வந்தவர்கள் வேறொன்றை நாடினார்கள். கிட்டாரின் ஸ்வரம் மீட்டிய கணத்தில் உரக்கவும் அடுத்த கணமே தேய்ந்தும் போகும். மனிதக் குரலோ மூச்சுள்ள வரை நிற்கும். குரலைப் போல நீண்டு நிற்கும் ஸ்வரம் வேண்டுமென்றால் டிஸ்டார்ஷன் துணைக்கு வருகிறது. ஆம்பையோ பெடலையோ அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது, உரத்த பகுதியின் உச்சி வெட்டப்பட்டு மெல்லிய பகுதி மேலே ஏறுகிறது. தொடக்கத்துக்கும் தேய்வுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுருங்குவதால் ஸ்வரம் நெடுநேரம் நிற்பதாகக் காதுக்குத் தோன்றுகிறது. ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்அப்பில் இவ்வளவு பெருக்கினால் மின்சார இரைச்சலும் சேர்ந்து பெருகும். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி இரைச்சலை ஒன்றால் ஒன்று அழிக்கும் ஹம்பக்கர் பிக்அப் இந்த வகை வாசிப்பில் விரும்பப்படுவதற்கு அதன் தடித்த ஒலியோடு இதுவும் காரணம்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாகத் தோன்றாது. சாதாரண மாண்டலினின் நாதம் உடனே தேய்ந்துவிடுவதால் கமகத்தை முழுமையாக இழுப்பதற்குள் ஒலி போய்விடும். அவர் ஐந்து தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினைத் தேர்ந்தெடுத்ததால்தான் அந்தக் கருவியில் ராகத்தை அவ்வளவு குழைவாக வாசிக்க முடிந்தது. இசைக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி முதலில் எழுந்து, கருவி அதற்கு விடையாக வந்தது.

ஜோ சட்ரியானியின் 1987ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘சர்ஃபிங் வித் தி ஏலியன்’, பாடகரே இல்லாமல் அமெரிக்கப் பட்டியலில் முதல் முப்பது இடங்களுக்குள் நுழைந்தது. அவர் ஏற்கெனவே கிட்டார் ஆசிரியராகப் பெயர் பெற்றவர். அவரிடம் கற்ற ஸ்டீவ் வாய் அதே 1987இல் ஐபனீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜெம் என்ற கிட்டாரையும், 1990இல் ஏழு தந்திகள் கொண்ட யுனிவர்ஸ் கிட்டாரையும் கொண்டுவந்தார். ஸ்டீவ் வாய் அந்த ஏழாவது தாழ்ந்த தந்தியை நுணுக்கமான, விரிந்த இசைக்காக வேண்டினார். சில ஆண்டுகளிலேயே கார்ன் என்ற அமெரிக்க மெட்டல் குழுவினர் அதே வகைக் கிட்டாரை எடுத்து, சுருதியை இன்னும் இறக்கி, இருண்ட கனத்த தாளமாக மாற்றினார்கள். 1994இல் வெளிவந்த அவர்களுடைய முதல் தொகுப்புக்குப் பிறகு ஏழு தந்திக் கிட்டாரைத் தேடியவர்களில் பலர் ஸ்டீவ் வாயின் இசையைக் கேட்டு வந்தவர்கள் அல்லர்.

இந்த வரிசையில் தொடக்கநிலையாளருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. சட்ரியானி, ஸ்டீவ் வாய் ஆகியோரின் கிட்டார்களில் உள்ள, ஃப்ளாய்ட் ரோஸ் வகையைச் சேர்ந்த பூட்டும் பாலம், தந்தியை இரு முனையிலும் இறுக்கிப் பூட்டுவதால் கம்பிக் கையை எவ்வளவு முரட்டுத்தனமாக அசைத்தாலும் சுருதி கலையாது. ஆனால் அந்தப் பாலம் ஸ்பிரிங்குகளின் மேல் மிதப்பதால், ஒரு தந்தியின் இறுக்கம் மாறினால் மற்ற ஐந்தின் சுருதியும் நகரும். தந்தி மாற்றவும் சுருதி சேர்க்கவும் இன்னும் பழகாதவர் அதைத் தம் முதல் கிட்டாராக வாங்கினால், வாசிப்பில் போக வேண்டிய மாலை நேரங்கள் ஆணி திருகுவதில் போய்விடும். அசையாத பாலமுள்ள கிட்டாரே முதல் ஆண்டுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு பிரிட்டிஷ் கிட்டார்க் கலைஞர் ஜெஃப் பெக்கின் 1975ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘ப்ளோ பை ப்ளோ’ நல்ல எடுத்துக்காட்டு. ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்த அந்தத் தொகுப்பின் அட்டை ஓவியத்தில் பெக்கின் கையில் இருப்பது கிப்சன் லெஸ் பால் கிட்டார். ஆனால் அதில் எல்லாரையும் உருக்கிய மெல்லிய இசையான ‘காஸ் வீவ் எண்டெட் ஆஸ் லவ்வர்ஸ்’ வாசிக்கப்பட்டது, பிக்அப் வடிவமைப்பாளர் சீமோர் டங்கன் ஹம்பக்கர்களைப் பொருத்தி உருமாற்றிக் கொடுத்த ஒரு டெலிகாஸ்டரில். அட்டையைப் பார்த்து லெஸ் பால் வாங்கியவர் அந்த ஒலியைத் தேடித் தேடிச் சலித்திருப்பார். பெக் பிற்காலத்தில் பிளெக்ட்ரத்தையே விட்டுவிட்டு, கட்டைவிரலால் மீட்டியபடி, சிறுவிரலால் ஒலி அளவுத் திருகையும் கம்பிக் கையையும் ஒருசேர இயக்கினார். ஸ்வரத்தை ஓசையின்றித் தொடங்கித் திருகால் மெல்ல வளர்க்கும் அந்த உத்திக்கு எந்தப் பெட்டியும் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு எலெக்ட்ரிக் கிட்டாரிலும் அந்தத் திருகு இருக்கிறது.

ஆகவே உங்களைக் கவர்ந்த ஓர் இசையைக் கேட்கும்போது, முதல் முறை ஸ்வரம் தொடங்கும் கணத்தை மட்டும் கவனியுங்கள். அது கூர்மையாகக் கணீரென்று இருந்தால் சிங்கிள் காயிலும் பிளெக்ட்ரமும், மழுங்கித் திரண்டிருந்தால் ஹம்பக்கரோ கழுத்துப் பக்கப் பிக்அப்போ வேலை செய்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். இன்னொரு முறை ஸ்வரம் எப்படித் தேய்கிறது என்று கேளுங்கள். தேயாமல் நின்றால் அங்கே டிஸ்டார்ஷன் உண்டு. பிறகு ஸ்வரங்களுக்கு இடையே உள்ள மௌனத்தைக் கேளுங்கள். அங்கே தனித்தனியான திரும்பல்கள் இருந்தால் எக்கோ, கார்வை இருந்தால் ரிவெர்ப். கடைசியாகச் சுருதி அசைவதைக் கவனித்து, அது விரலின் இழுப்பா கம்பிக் கையின் அசைவா என்று பிரித்துப் பாருங்கள். சுருதி கலையாமல் நிற்கும் கிட்டாரும் காதுக்கு இதமான சிறிய ஆம்பும் கையில் வந்த பிறகு, இந்தக் கேட்டலில் எது மிகுதியாகத் தென்பட்டதோ அந்த ஒரு கருவியை மட்டும் வாங்குங்கள். இன்றைய டிஜிட்டல் பெட்டிகளில் இவை அனைத்தும் ஒன்றாகவே கிடைக்கின்றன என்றாலும், அவற்றிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்கிப் பழகுவதே காதைப் பயிற்றும்.

பணம் இல்லாதது இந்த வழியை அடைத்துவிடவில்லை. ஷேடோஸ் இசையின் மீது ஆசை கொண்டு வளர்ந்து, பின்னாளில் குவீன் குழுவின் கிட்டார்க் கலைஞரான பிரையன் மே, கடைக் கிட்டார் கைக்கு எட்டாததால் 1963இல் தம் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், கம்பிக் கைக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அந்தக் கிட்டாரும் ஏசி30 ஆம்புகளும் சேர்ந்துதான் குவீன் குழுவின் ஒலி ஆயின.

மார்வின் பிறந்த நியூகாசில் பகுதியிலேயே வளர்ந்த மார்க் நாஃப்ளருக்கும் சிறுவயதில் அதே சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் வேண்டும் என்ற ஆசை இருந்தது. வீட்டில் வாங்க முடிந்தது 50 பவுண்டு விலையுள்ள ஹாஃப்னர் கிட்டார் ஒன்றுதான். அவர் அதில் பழகினார். காலப்போக்கில் பிளெக்ட்ரத்தை ஒதுக்கிவிட்டு வெறும் விரல்களால் வாசிக்கும் முறையை வளர்த்துக்கொண்டார். 1978இல் டைர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ வெளிவந்தபோது அவர் கையில் உண்மையாகவே ஒரு சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் இருந்தது. அதில் மார்வினின் நீண்ட எக்கோவும் இல்லை, பிளெக்ட்ரத்தின் கணீரென்ற தொடக்கமும் இல்லை. விரல் நுனியின் சதை தந்தியைச் சுண்டும் ஒலிதான் கேட்டது.